படத்தில் இல்லாத கை

அண்ணியின் வீடியோக்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. அவள் கையைத் தவிர வேறு யாருடைய கையும் படத்தில் வரக் கூடாது.

அண்ணியின் இரண்டு கைகளும் முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிடும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், அவள் வெங்காயம் நறுக்குவதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு கை முனையால் வெங்காயத்தைப் பலகையில் அமுக்கிக்கொண்டு, கத்தியின் பிடியை இன்னொரு முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, நான் நறுக்குவதைவிட மெல்லிசாக நறுக்கினாள். சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதற்கு வீடியோவாவது எடு, நாலு பேர் பார்க்கட்டும் என்றாள். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். 'அரைக்கை அக்கா' என்று பெயர் வைத்தவளும் அவளே. அண்ணனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. சட்டைக்கு வைக்கலாம், எனக்கு வைக்கக் கூடாதா என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள்.

விதி வந்தது அப்புறம்தான். ஒரு வீடியோவில் தக்காளி ஒன்று உருண்டு ஓட, நான் அனிச்சையாகக் கையை நீட்டிப் பிடித்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் வீடியோவுக்குக் கீழே அதைப் பற்றியே பேச்சு. பின்னாடி ஒரு கை இருக்கு பாருங்க, எல்லாம் செட்டப், பாவப்பட்டு லைக் போடாதீங்க. அண்ணி அன்றைக்கு அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு, இனிமேல் தக்காளி தெருவுக்கே ஓடினாலும் நீ அசையாதே என்றாள்.

நான் அசையவில்லை. தரையில் எந்த டைல் மேல் நின்றால் படத்தில் விழமாட்டேன் என்று என் காலுக்கே தெரிந்துவிட்டது. தலை சீவுவது, ஊசியில் நூல் கோர்ப்பது, அண்ணனின் சட்டையை இஸ்திரி போடுவது என்று எதை எடுத்தாலும் அவள் மட்டும்தான். அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. நான் போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன், பிறகு உட்கார்ந்து வேண்டாததை வெட்டிச் சரிசெய்து போடுவேன். மற்ற நேரத்தில் டெய்லர் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பேன்.

குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைக் காட்டியபோது, அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர், தலையில் அவளைவிடப் பெரிய குல்லா. கொஞ்ச நேரம் கழித்து வந்து, குண்டூசி மாதிரி இருக்காளே என்றான். அதுவே பெயராகிவிட்டது. நர்ஸ்கள்கூடக் குண்டூசி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதில் ஒரு நர்ஸம்மா, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், அண்ணிக்குப் பால் கொடுக்கக் கற்றுத்தந்தார். குறை மாதத்தில் பிறந்தவர்களை மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்கக் கூடாதாம். பக்கவாட்டில் சாய்த்து, நாலைந்து மடக்கு குடித்ததும் பாட்டிலைத் தாழ்த்திப் பாலை நிறுத்திவிட வேண்டுமாம். குழந்தை ஒரு மூச்சு விட்ட பிறகு மறுபடி. "இதுங்க குடிக்கிற அவசரத்துல மூச்சு விட மறந்துடும்மா. நாமதான் ஞாபகப்படுத்தணும்" என்றார். பாட்டிலை எந்தக் கை மடிப்பில் வைத்தால் தாழ்த்த வசதி என்று அவரும் அண்ணியும் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். முதல் நாள் நர்ஸம்மாவுக்கே தயக்கம்தான். பிறகு மற்ற அம்மாக்களைக் கூப்பிட்டு, இவங்க கொடுக்கிறதைப் பாருங்க என்று சொல்ல ஆரம்பித்தார்.

தூக்குவதற்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். துணியில் சுற்றிய குழந்தைக்கு அடியில் அண்ணி இரண்டு கைகளையும் நுழைத்துக்கொள்வாள். துணி நழுவாமல் இருக்க, நெஞ்சுக்கு மேலே இருக்கும் முடிச்சைப் பல்லால் பிடித்துக்கொள்வாள். எடை முழுவதும் கையில்தான். பல் துணியைப் பிடிப்பதோடு சரி. நர்ஸம்மா அதை ஒத்துக்கொண்டார். ஆனால் கழுத்து நிற்கும்வரை, தூக்கும்போது அடியில் இன்னொருவர் கை தட்டு மாதிரி விரிந்திருக்க வேண்டும், உனக்கு மட்டும் இல்லை, உன் புருஷனுக்கும் இதேதான் என்றார்.

அண்ணனுக்கு அந்தக் கவலையே வரவில்லை, ஏனென்றால் அவன் தூக்கவே இல்லை. அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். குண்டூசியைத் தூக்கச் சொன்னால் கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று போவான், வரமாட்டான். "ஊரையெல்லாம் மேல தூக்கி விடுறாரு, பெத்த பிள்ளையத் தூக்க ஆள் தேடுறாரு" என்று அண்ணி கேலி செய்வாள். அதனால் அடியில் விரியும் கை எப்போதும் என்னுடையதாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தரைக்கு இறக்கினோம். கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு மெத்தையைக் கீழே போட்டோம். பாட்டில், துணி, மருந்து எல்லாம் அண்ணி உட்கார்ந்தபடியே எட்டுகிற பலகையில். பாப்பாவைக் காட்டுங்க அக்கா என்று வீடியோ பார்க்கிறவர்கள் தினமும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அண்ணி ரொம்ப நாள் தள்ளிப்போட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

போனை ஸ்டாண்டில் வைத்தோம். அண்ணி தூக்கினாள், என் கைகள் அடியில் இருந்தன. பிறகு மடியில் சாய்த்துப் பால் கொடுத்தாள். சாயங்காலம் நான் உட்கார்ந்து, விதிப்படி என் கை தெரிந்த அடிப்பாகத்தை நீக்கிப் படத்தைப் பெரிதாக்கினேன். அண்ணி பார்த்துவிட்டுச் சரி என்றாள். அண்ணன் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயத்துக்கு வைத்த விதி குழந்தைக்கும் பொருந்துமா என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வாழ்த்துகள்தான் வந்தன. பிறகு யாரோ அண்ணி முடிச்சைக் கடிக்கிற அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி, சோகமான இசை சேர்த்து, பூனை குட்டியைக் கவ்வுவது போல என்று எழுதிப் போட்டார்கள். அது ஓடிய ஓட்டத்தை எங்கள் வீடியோ எதுவும் ஓடியதில்லை. பல்லு வழுக்கினா என்ன ஆகும் என்றார்கள். பாலை வாயில் காட்டிக் காட்டிப் பிடுங்குகிறாள், பச்சைப் பிள்ளையை வைத்து விளையாடுகிறாள் என்றார்கள். தன்னையே பார்த்துக்கொள்ள முடியாதவளுக்குப் பிள்ளை எதற்கு என்று ஒருவர் கேட்க, அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் தலையாட்டியிருந்தார்கள். எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. என் பிள்ளையும் குறைமாசம்தான், பயமா இருக்கு, யாராவது போய்ப் பாருங்களேன் என்று அழுதுகொண்டே எழுதியவர்களும் இருந்தார்கள். அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அண்ணி எல்லாவற்றையும் படித்தாள். குண்டூசியை மடியில் வைத்துக்கொண்டு, போனைத் தரையில் வைத்து, கை முனையால் தள்ளித் தள்ளிப் படித்தாள். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினாள். இந்தப் பொம்பளைக்கு என் தலைமுடி எண்ணெய் இல்லாம இருக்கிறதும் குறையாம், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கா பாரு என்று. சிரித்தாள், ஆனால் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

கொடுத்துப்போன கிண்ணத்தைத் திரும்ப வாங்க வந்த மாடி வீட்டக்கா, வாங்கிக்கொண்டும் போகாமல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பாப்பா நல்லாத்தானே இருக்கு என்று கேட்டார். அந்த 'தானே' அன்று முழுக்க என் காதில் கிடந்தது.

அடுத்து வந்தது போன். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். நிறையப் புகார் வந்திருக்கிறது, நாளை மதியம் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார். குரலில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. அண்ணன் போனை வாங்கி, பார்த்துட்டு என்ன மேடம் பண்ணுவீங்க என்று கேட்டான். எனக்குத் திருப்தி இல்லைன்னா, விசாரணை முடியறவரைக்கும் குழந்தையை வேற இடத்துல வெச்சுப் பார்த்துப்போம் என்றார். அண்ணன் அதை எங்களிடம் சொல்லும்போது, வேற இடத்துல என்பதோடு நிறுத்திக்கொண்டான். மீதியை அப்புறம்தான் சொன்னான்.

வெட்டாத வீடியோ என் போனில் அப்படியே இருந்தது. என் கை இரண்டும் அடியில் விரிந்திருப்பது அதில் பளிச்சென்று தெரியும். அதைப் போட்டுவிடலாமா அண்ணி என்று கேட்டேன்.

போட்டால் என்ன ஆகும் என்று அவள் விளக்கினாள். இதிலே கை இருந்ததென்றால், வெங்காயத்திலும் இருந்தது, ஊசியிலும் இருந்தது, இத்தனை நாள் ஏமாற்றினாள் என்பார்கள். அத்தனையும் அவள் தனியாகச் செய்தது. அதை நம்பித்தான், கையில்லாமல் பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்கெங்கிருந்தோ அவளுக்கு எழுதுகிறார்கள். இந்த ஒரு கைக்காக அத்தனையும் பொய்யாகிவிடும்.

"பேரு முக்கியமா, பிள்ளை முக்கியமா?" என்றான் அண்ணன்.

"பிள்ளைதான். அதுக்குத்தான் யோசிக்கிறேன். வர்றவங்ககிட்ட, இன்னொரு ஆள் இல்லாம இவளால முடியாதுன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிடக் கூடாது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அண்ணி தலையணையைத் துணியில் சுற்றித் தனியாகத் தூக்கித் தூக்கி இறக்கினாள். நான் பார்க்காத மாதிரி காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நழுவவில்லை. ஆனால் தலையணைக்குக் கழுத்து கிடையாது.

மதியம், போனில் பேசிய அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் ஹெல்மெட், தோளில் பை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கை கழுவ இடம் கேட்டு, கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சமையலறையைப் பார்த்தார். பாட்டில் கொதிக்கவைக்கிற பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை வாங்கி எடையையெல்லாம் படித்தார். கட்டில் ஏன் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார், சொன்னோம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லீவு போட்டுவிட்டு நின்ற அண்ணனைப் பார்த்து, நீங்க தூக்குங்க பார்ப்போம் என்றார்.

அண்ணன் இரண்டு கையையும் பேன்ட்டில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"அவருக்குப் பயம் மேடம்" என்றாள் அண்ணி.

அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அண்ணி பக்கம் திரும்பினார். அப்ப நீங்க தூக்கிக் காட்டுங்க.

எனக்கு அப்போது என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. தூக்கிக் காட்டுங்க என்ற சொல்லைக் கேட்டதும், என் கால் தானாகவே பின்னால் போய் அந்தப் பழைய டைல் மேல் நின்றுகொண்டது. அறையில் போன் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. நான் மட்டும் படத்துக்கு வெளியே போய் நின்றேன்.

அண்ணி முட்டி போட்டு உட்கார்ந்தாள். குண்டூசி விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி கைகளை அடியில் நுழைத்தாள். குனிந்து முடிச்சைப் பல்லால் பிடித்தாள். அவள் தோள் இறுகுவதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தனியாகத்தான் தூக்கப் போகிறாள். அவளால் முடியும் என்றும் எனக்குத் தெரியும். காலையில் பார்த்தேனே. அதிகாரி கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

அண்ணி தூக்கவில்லை. குனிந்தது குனிந்தபடியே இருந்தாள். குழந்தையின் முகமும் அவள் முகமும் அவ்வளவு பக்கத்தில். பிறகு முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இங்க வா. கையை வை" என்றாள் என்னிடம்.

நான் அதிகாரியைப் பார்த்தேன்.

"அவங்களைப் பார்க்காத. வா."

போனேன். கைகளை விரித்து அடியில் வைத்தேன். அண்ணி முடிச்சைக் கடித்து, தூக்கி, நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். எப்போதும் போல என் உள்ளங்கையில் துணி உரசிக்கொண்டு போனது, எடை படவே இல்லை.

அதிகாரி என் கையைக் காட்டிக் கேட்டார். "வீடியோல தனியாத்தானே தூக்கினீங்க?"

"இல்ல மேடம். அதுலயும் இவ கை இருந்துச்சு. வெட்டிட்டோம்."

"ஏன்?"

"தனியாச் செய்யறேன்னு காட்டிக் காட்டியே பழகிட்டேன். இதைக் காட்ட வேண்டியது வேற மாதிரின்னு தோணல."

"தனியாத் தூக்க முடியுமா, முடியாதா? உண்மையச் சொல்லுங்க."

"முடியும். ஆனா கழுத்து நிக்கட்டும்."

யாரும் வீட்டில் இல்லாதபோது குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தூக்க மாட்டேன் என்றாள் அண்ணி. பக்கத்தில் படுத்துக்கொள்வேன் என்று சொல்லி, என் கையின் துணையோடு குண்டூசியை மெத்தையில் இறக்கி, பக்கத்தில் படுத்தும் காட்டினாள். பலகையிலிருந்து பாட்டிலை முழங்கை மடிப்பில் எடுத்து, குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்து, பால் கொடுக்க ஆரம்பித்தாள். அதிகாரிக்கு நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு என்று முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார்.

நாலைந்து மடக்கு. பாட்டில் தாழ்ந்தது. குண்டூசி வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். மறுபடி நாலைந்து மடக்கு.

வந்த புகாரில் பாதி, பாலைப் பிடுங்குகிறீர்கள் என்றுதான், ஏன் இப்படி என்று கேட்டார் அதிகாரி. அண்ணி நர்ஸம்மா சொன்னதைச் சொன்னாள். அதிகாரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நர்ஸம்மாவைக் கூப்பிடச் சொல்லி, வாசலுக்குப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோதும் பால் முடிந்திருக்கவில்லை. குண்டூசி பால் குடிப்பது ஒரு சினிமா பார்க்கிற மாதிரி, சீக்கிரம் முடியாது. அதிகாரி மறுபடி தரையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். நடுவில் ஒரு தடவை, இப்ப நிறுத்தணும் இல்ல என்று அவரே சொன்னார். அண்ணி அதற்கு முன்பே நிறுத்தியிருந்தாள்.

எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்றார். தூக்கும்போது இரண்டாவது ஆள் இருக்க வேண்டும் என்று எழுதப் போவதாகவும், இனிமேல் சொல்லாமல்தான் வரப்போவதாகவும் சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணனைப் பார்த்து, "அப்பாவும் தூக்கக் கத்துக்கணும்னு எழுதுறேன். அடுத்த தடவை உங்களைத்தான் முதல்ல பார்ப்பேன்" என்றார். அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினான்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் அண்ணி அழுதாள். கொஞ்ச நேரம்தான். கண்ணீர் குழந்தை மேல் விழாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கே அந்த வீடியோவை நீக்கிவிட்டாள். வெட்டாததைப் போடுவதா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள், அதையும் வேண்டாம் என்றாள். "நான் எப்படித் தூக்குறேன்னு பார்க்க வேண்டியவங்க வந்து பார்த்துட்டாங்க. இவ இனிமே படத்துல வர மாட்டா."

விளக்கம் எதுவும் எழுதவில்லை. சில நாள் கழித்து, பூசணிக்காய் நறுக்குகிற வீடியோ ஒன்று போட்டோம். கீழே எல்லோரும் பாப்பா எங்கே என்று கேட்டார்கள். அண்ணி பதில் போடவில்லை. பதில் வராததால் அவர்களே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த அலுவலகத்தில் தன் சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், உறுதியான தகவல் என்று எழுதினார். அவ்வளவுதான். நாம எல்லாரும் சேர்ந்து ஒரு உயிரைக் காப்பாத்திட்டோம் என்று ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். கைதட்டுகிற படங்கள் வரிசையாக வந்தன.

அண்ணன், மெத்தையில் கால் உதைத்துக்கொண்டிருந்த குண்டூசிக்கு நேராகப் போனை நீட்டினான். இப்பவே ஒரு போட்டோ போடுறேன், எல்லாவனும் பார்க்கட்டும் என்றான்.

"வேண்டாங்க."

"அவனுங்க ஜெயிச்சதா நினைக்கிறானுங்க."

"நினைச்சுக்கட்டுமே. ஜெயிச்சவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. தோத்தவங்கதான் திரும்பத் திரும்ப வருவாங்க."

அவன் போனை மெத்தையில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணி அதைத் தன் பக்கம் இழுத்து, மெதுவாகத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே போனாள். நானும் அவள் தோளோரமாகப் படித்தேன். அன்று தன் குழந்தையும் குறைமாதம் என்று அழுதுகொண்டே எழுதியவர்களில் ஒருவர் மறுபடி எழுதியிருந்தார். அந்தக் குழந்தை எங்கே இருந்தாலும் பத்திரமா இருக்கட்டும், இன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று.

அண்ணி அந்த இடத்தில் நிறுத்தினாள். இரண்டு முறை படித்தாள். பிறகு கை முனையால் அதற்கு மட்டும் ஒரு லைக் போட்டாள்.